மலையில் சைபர் தாக்குதல்: 1930-உம் செர்ட்-இன்-உம் எதுவரை கைகொடுக்கும்?

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறோம். சைபர் பண மோசடிக்கான 1930 தொலைபேசி உதவிக்கு ஐந்தில் நாலரை. தேசிய சைபர் கிரைம் போர்ட்டலுக்கு மூன்று. செர்ட்-இன் (சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) புகார் முகப்புக்கு மூன்றரை. தாக்கியவர் வெளிநாட்டில் இருக்கும்போது போலீஸ், உள்துறை, சி.பி.ஐ. வழியாகப் போகும் சட்ட உதவிக்கு ஒன்றரை. 'உங்களைத் தாக்கியவனைத் திருப்பி ஹேக் செய்து தருகிறோம்' என்று தனியார் விற்கும் சேவைக்குப் பூஜ்யம்; அதை வாங்கினால் புகார்தாரராக இருந்த நீங்கள் குற்றவாளிப் பட்டியலுக்குப் போய்விடுவீர்கள்.

நீலகிரியில் சிறிய அளவில் தொழில் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறோம். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் ஃபேக்டரிகள், குன்னூர் ஏலத்துக்கும் வெளிநாட்டுக்கும் தேயிலை அனுப்பும் அலுவலகங்கள், ஊட்டி, கோத்தகிரி விடுதிகள், ஹோம்ஸ்டேக்கள். இங்கெல்லாம் தனியாக ஐ.டி. ஆள் கிடையாது. டாலி, ஜி.எஸ்.டி., சி.சி.டி.வி., வைஃபை எல்லாமே கணக்கர் தலையில்தான். இந்த இடங்களுக்குத் தாக்குதல் வரும் வழிகள் பெரும்பாலும் மூன்று. கோயம்புத்தூரில் இருக்கும் ஆடிட்டர் அங்கிருந்தே பார்க்கட்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை (3389-ஆம் போர்ட்) இணையத்துக்குத் திறந்து, எளிய பாஸ்வேர்டோடு அப்படியே விட்டுவிடுவது முதல் வழி. அதன் வழியே ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) நுழைந்து இலைக் கணக்கு முழுவதையும் பூட்டிவிடும். இரண்டாவது, ஏற்றுமதியாளரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து வாரக்கணக்கில் வாசித்துவிட்டு, சரியாக இன்வாய்ஸ் போகும் நாளில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வாங்குபவருக்கு எழுதுவது. மூன்றாவது, விடுதியின் புக்கிங் கணக்கைத் திருடி, சீசனுக்கு அறை எடுத்தவர்களிடம் மறுபடி பணம் கேட்பது. மூன்றிலும் தாக்கியவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

1930

பணம் போயிருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் 1930. மத்திய உள்துறையின் கீழ் உள்ள ஐ4சி என்ற சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் வங்கிகளையும் வாலட்களையும் மாநிலப் போலீஸையும் ஒரே அமைப்பில் இணைத்து இதை நடத்துகிறது. 2021-ல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய சேவை இது. நீங்கள் சொல்லும் பரிமாற்ற எண்ணை வைத்து ஒரு டிக்கெட் உருவாகும். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு அது உடனே போகும். பணம் அங்கே இருந்தால் அந்தத் தொகையை நிறுத்திவைப்பார்கள். அடுத்த வங்கிக்கு நகர்ந்திருந்தால் டிக்கெட்டும் அதன் பின்னாலேயே நகரும். திருடுபவர்கள் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை. நாலைந்து கணக்குகளுக்குப் பிரித்து, கடைசியில் ஏ.டி.எம்.மிலோ கிரிப்டோவிலோ எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு டிக்கெட் துரத்துவதற்கு ஒன்றும் இருக்காது. முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தவருக்கும் மறுநாள் காலை அழைத்தவருக்கும் கிடைக்கும் பலன் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, தேதி, நேரம், யு.டி.ஆர். எண் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்). கடைசியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். யு.பி.ஐ. என்றால் 12 இலக்கம். நெஃப்ட் என்றால் 16 எழுத்து. ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22 எழுத்து. ஆப்பின் திரையில் பெரிதாகத் தெரியும் ஐ.டி. வேறு, யு.டி.ஆர். வேறு, முதலாவதைச் சொன்னால் வங்கியால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கூடலூர், பந்தலூர் பக்கத்தில் பக்கத்து மாநில டவர் பிடிப்பது உண்டு. அதனால் எடுத்தவரிடம் முதல் வாக்கியத்திலேயே 'தமிழ்நாடு, நீலகிரி மாவட்டம்' என்று சொல்லிவிடுங்கள்.

அழைப்பு முடிந்ததும் குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. அந்த எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். வங்கிக்கும் தனியாக எழுத்தில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வங்கியின் தகவல் உங்களுக்கு வந்ததிலிருந்து நீங்கள் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நாட்களைத்தான் கணக்கிடுகிறது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் இடையில் யாரோ புகுந்து எடுத்திருந்தால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சிறு, குறு தொழில்களின் நடப்புக் கணக்குக்கு உச்சபட்சப் பொறுப்பு 10,000 ரூபாய். தெரிவித்த 10 வேலை நாளுக்குள் வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்க வேண்டும். ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால் கதை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. அந்த நிலையிலும் சீக்கிரம் எழுதிக் கொடுப்பதுதான் லாபம்.

அரை மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், நிறுத்திவைத்த பணம் கைக்கு வருவதில் உள்ள தாமதம். பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு (புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 503-ஆவது பிரிவு) உத்தரவு வாங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

போர்ட்டலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பணம் போகாமல் தரவு மட்டும் பூட்டப்பட்டிருந்தால் நிதி மோசடிப் பிரிவில் போடாதீர்கள், பிற சைபர் குற்றங்கள் என்ற பிரிவில் போடுங்கள். போர்ட்டல் புகாரை எஃப்.ஐ.ஆர். என்று நம்பி உட்காரவும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் (ஐ.டி. சட்டம்) 78-ஆவது பிரிவின்படி இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் இந்த வழக்குகளை விசாரிக்க முடியும். ஆகவே உள்ளூர் ஸ்டேஷனில் பேசிவிட்டு வருவதோடு நிறுத்தாமல் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். எண் வாங்குங்கள். பின்னால் வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு காகிதத்திலும் அந்த எண் கேட்கப்படும்.

செர்ட்-இன்

இதைப் போலீஸ் என்று நினைத்து அழைப்பவர்கள் ஏமாற்றத்தோடு போனை வைக்கிறார்கள். செர்ட்-இன் வழக்குப் பதியாது, பணம் மீட்டுத் தராது, கோத்தகிரிக்கு ஆள் அனுப்பி கம்ப்யூட்டரைச் சரிசெய்யாது. ஐ.டி. சட்டம் 70பி பிரிவின் கீழ் நாடு முழுவதற்குமான சைபர் சம்பவங்களைத் திரட்டி, ஆராய்ந்து, எச்சரித்து, ஒருங்கிணைப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையைப் புரிந்துகொண்டு அணுகினால் நல்ல சேவை.

2022 ஏப்ரல் 28-ஆம் தேதி வந்த உத்தரவின்படி, சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 'நாங்கள் சின்ன ஆட்கள், எங்களுக்கு இது பொருந்தாது' என்ற வாதம் நிற்காது. அந்த உத்தரவு 'பாடி கார்ப்பரேட்' எல்லாருக்கும் உரியது, ஐ.டி. சட்டத்தின் 43ஏ பிரிவு அந்தச் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் தனிநபர் உரிமையில் நடக்கும் தொழிலும் அடங்கும். ஆறு மணி நேரத்துக்குள் முழு விவரமும் தேவையில்லை. எப்போது கவனித்தீர்கள், எந்தக் கணினி, என்ன அறிகுறி, என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்ற நாலு வரி போதும்; மீதியைப் பிறகு அனுப்பலாம். முழு அறிக்கை தயாராகட்டும் என்று ஆடிட்டருக்காகக் காத்திருந்து நேரத்தைத் தாண்டுவதே வழக்கமான பிழை.

மலைக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல். ஜூன், ஜூலையில் காற்றும் மழையும் அடித்தால் மின்சாரம் போகும். நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் ஃபைபர் அறும். உத்தரவில் மழைக்கு விலக்கு எழுதப்படவில்லை. மின்னஞ்சல் அனுப்ப வழியில்லையென்றால் 1800-11-4949 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசித் தெரிவியுங்கள். 1800-11-6969 என்ற ஃபேக்ஸ் எண்ணும் உத்தரவிலேயே இருக்கிறது. பேசிய நேரத்தையும் பேசியவர் தந்த குறிப்பு எண்ணையும் பேனாவால் எழுதி வையுங்கள்.

அதே உத்தரவில் இன்னும் இரண்டு கடமைகள் உண்டு. எல்லா லாக்குகளையும் (யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார் என்று கருவிகள் தாமே எழுதும் பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களை என்.ஐ.சி. (தேசிய தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும். இரண்டாவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இங்கே வழக்குகளைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அடிக்கடி கரண்ட் போய் வரும் இடத்தில், மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி (சி.ஆர். 2032) தீர்ந்துபோன பழைய கணினியும் டி.வி.ஆரும் (கேமரா பதிவுப் பெட்டி) ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்குத் திரும்பிவிடும். ரவுட்டர் ஒரு நேரம், பில்லிங் கணினி ஒரு நேரம், கேமரா ஒரு நேரம் காட்டும். இணைய சேவை நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. சரியான விநாடியும் போர்ட் எண்ணும் இல்லாமல் ஐ.பி. முகவரியை மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கம் ஆளை அடையாளம் காட்ட முடியாது. பேட்டரி விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவு. ஜூன் பிறப்பதற்கு முன் மாற்றிவிட்டு, விண்டோஸின் நேர அமைப்பில் என்.ஐ.சி.யின் 'சமய்1 டாட் நிக் டாட் இன்' சர்வரைப் போட்டுவிடுங்கள்.

லாக் விஷயத்தில், சாதாரண ரவுட்டர் சில நாள் லாக்கைத்தான் வைத்திருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் அழியும். லாக்கை வேறு இடத்துக்கு அனுப்பும் ரவுட்டரின் 'சிஸ்லாக்' வசதியை இயக்கி, வேறொரு பழைய கணினியிலோ என்.ஏ.எஸ். என்ற சேமிப்புப் பெட்டியிலோ சேமிக்கச் செய்வதுதான் மலிவான தீர்வு. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்ட் பில்லிங் கணினியில் சேமிக்கப்பட்டிருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

தாக்குதல் நடந்த அன்று கை வைக்கும் முறை

லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை ஷட்டவுன் செய்யாதீர்கள். சில ரான்சம்வேர்களின் சாவியும் இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் தடயமும் ரேமில் இருக்கும், அணைத்தால் போய்விடும். யு.பி.எஸ். தாங்காது என்ற நிலை வந்தால் ஷட்டவுனுக்குப் பதில் ஹைபர்னேட் கொடுங்கள், ரேமில் உள்ளது டிஸ்க்கில் எழுதப்படும். திரையைக் கைபேசியில் படமெடுங்கள். படத்தில் கணினியின் கடிகாரமும் அருகில் கைபேசியின் கடிகாரமும் தெரிய வேண்டும். மிரட்டல் குறிப்புக் கோப்பு ஒன்று, பூட்டப்பட்ட கோப்பு ஒன்று, பூட்டப்படாத அதே கோப்பின் பழைய பிரதி ஒன்று என மூன்றையும் புதிய பென்டிரைவில் எடுங்கள். ஐரோப்போலும் டச்சுப் போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் முதல் இரண்டையும் ஏற்றினால், இலவசத் திறவுகோல் இருக்கிறதா என்று சொல்லிவிடும். சில திறவுகோல் கருவிகள் மூன்றாவதையும் கேட்கும். இதைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

மின்னஞ்சல் மோசடி என்றால் அந்த அஞ்சலை யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஃபார்வர்டு செய்தால் அது எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு வரிகள் உதிர்ந்துவிடும். '.இ.எம்.எல்.' கோப்பாகப் பதிவிறக்கி வையுங்கள். பிறகு அஞ்சல் அமைப்பில் 'ரூல்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். வங்கி, இன்வாய்ஸ் என்ற சொல் உள்ள அஞ்சல்களை யாரும் பார்க்காத ஃபோல்டருக்கு அனுப்பும் ஒரு விதியைத் திருடர்கள் அங்கே வைத்திருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். அழிக்கும் முன் அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.ஹெச்.ஏ.-256 ஹேஷ் எண்ணைக் குறியுங்கள்; கோப்பின் கைரேகை போன்றது அது, கோப்பு மாறினால் எண்ணும் மாறும். விண்டோஸிலேயே இருக்கும் 'செர்ட்யூட்டில்' கட்டளை அதைத் தரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் இந்த எண்ணுக்கென்றே இடம் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இரண்டு பகுதி: 'ஏ' பகுதியில் கணினியை வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், 'பி' பகுதியில் நிபுணர். முதல் நாளே ஹேஷ் எடுக்காமல் பத்து நாள் கழித்து எடுத்தால், இடைப்பட்ட பத்து நாளில் கோப்பு மாறவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லை தாண்டிய பிறகு

ஒன்றரை மதிப்பெண் கொடுத்த பகுதி இது. குறை இங்கே வேலை பார்ப்பவர்களிடம் இல்லை, பாதையின் நீளத்தில் இருக்கிறது. வெளிநாட்டு சர்வரில் உள்ள விவரத்தை நம் இன்ஸ்பெக்டர் நேரடியாகக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. பி.என்.எஸ்.எஸ். 112-இன் கீழ் நீதிமன்றம் கோரிக்கைக் கடிதம் எழுத வேண்டும், அல்லது பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின்படி கோரிக்கை போக வேண்டும். இரண்டுக்கும் மத்திய உள்துறைதான் வாசல். அங்கிருந்து அந்த நாட்டின் அமைச்சகம், அங்கிருந்து அவர்களின் நீதிமன்றம், அங்கிருந்து நிறுவனம். இந்தியா–அமெரிக்கா ஒப்பந்தம் 2005-லிருந்து நடைமுறையில் உள்ளது. அமெரிக்காவுக்கு வரும் இப்படிப்பட்ட கோரிக்கைகளுக்குச் சராசரியாகச் சுமார் 10 மாதம் ஆகிறது என்று அவர்களின் அதிபர் அமைத்த ஆய்வுக் குழுவே 2013-ல் எழுதியது. பத்து மாதம் லாக் இருக்குமா?

இருக்காது, அதனால்தான் 'பாதுகாத்து வை' என்ற கோரிக்கை முதலில் போக வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி அப்படிக் கேட்டால் நிறுவனம் 90 நாள் விவரத்தை அழிக்காமல் வைக்க வேண்டும், இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். இதற்கென்று உள்ள ஜி7 நாடுகளின் 24 மணி நேரத் தொடர்பு வலையில் இந்தியாவின் முனை சி.பி.ஐ. புகார் கொடுக்கும்போதே 'இந்த மின்னஞ்சல் கணக்கு, இந்த சர்வர் சம்பந்தமான விவரங்களைப் பாதுகாக்கக் கோரிக்கை அனுப்ப வேண்டும்' என்று ஒரு தனிப் பத்தி எழுதிக் கொடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அது மாதக்கணக்கில் யார் நினைவுக்கும் வராமல் போகலாம்.

பணம் வெளிநாட்டு வங்கிக்குப் போயிருந்தால் 1930-இன் கை எட்டாது. அங்கே வேலை செய்வது ஸ்விஃப்ட், அதாவது நாடு கடந்து வங்கிகள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வலை. உங்கள் வங்கியிடம் அந்தப் பரிமாற்றத்தைப் பின்தொடர உதவும், 36 எழுத்து கொண்ட யு.இ.டி.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, 'மோசடி' என்ற காரணத்தோடு ரத்துக் கோரிக்கை அனுப்பச் சொல்லுங்கள். ஏற்றுமதியில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கும்: பணத்தை இழந்தவர் ஹாம்பர்க்கிலோ துபாயிலோ இருக்கும் வாங்குபவர். நிறுத்தக் கோரிக்கை அவருடைய வங்கியிலிருந்துதான் கிளம்ப முடியும். ஆகவே முதல் போன் அவருக்கு, அதுவும் மின்னஞ்சலில் அல்ல, பழைய விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணுக்கு. அமெரிக்காவிலிருந்து வெளியே போன பணம் என்றால், 50,000 டாலருக்குக் குறையாமல் இருந்து 72 மணி நேரத்துக்குள் எஃப்.பி.ஐ.யின் இணையப் புகார் மையத்துக்குச் சொன்னால் அவர்களின் நிறுத்த ஏற்பாடு இயங்கும். மோசடிப் பணத்தை நாடு கடந்து விரைவாக நிறுத்த இன்டர்போலின் ஐ-கிரிப் என்ற ஏற்பாடும் உண்டு. 2024 ஜூலையில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று இதே கணக்கு மாற்ற மோசடியில் 4.23 கோடி டாலரைத் திமோர்-லெஸ்தே வங்கிக்கு அனுப்பிவிட்டது. புகார் வந்ததும் ஐ-கிரிப் வழியாகப் போலீஸ் நகர்ந்ததில் 3.9 கோடி டாலர் அங்கேயே நிறுத்தப்பட்டது. எல்லை தாண்டினால் எல்லாம் போச்சு என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அங்கே உதவியது போலீஸுக்குப் போலீஸ் நேரடித் தொடர்பு. ஒப்பந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் பணம் இருந்திருக்காது.

செர்ட்-இன்னுக்கு மூன்றரை கொடுத்ததும் இப்படி ஒரு குறுக்கு வழிக்காகத்தான். பல நாடுகளின் செர்ட்கள் சேர்ந்து நடத்தும் ஆசிய-பசிபிக் வட்டத்தின் ஏபிசெர்ட், உலகளாவிய ஃபர்ஸ்ட் ஆகிய அமைப்புகளில் அது உறுப்பினர். போலி புக்கிங் பக்கமோ தாக்கும் சர்வரோ வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டின் செர்ட்டுக்கு எழுதி இறக்கச் சொல்ல ஒப்பந்தம் தேவையில்லை. ஆள் பிடிபட மாட்டார், ஆனால் அடுத்த விருந்தினர் ஏமாறுவது நிற்கும். சீசன் நேரத்தில் விடுதிக்காரருக்கு அதுதான் முதல் தேவை.

இந்த நீளமான பாதையைச் சுருக்கத்தான் உலக அளவில் ஒப்பந்தங்கள் வருகின்றன. ஐரோப்பிய கவுன்சிலின் 2001 புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பர் 24-ல் ஏற்ற சைபர் குற்ற ஒப்பந்தம் 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. 24 மணி நேரத் தொடர்பும் விரைவான தரவுப் பாதுகாப்பும் அதில் இருக்கின்றன. 40 நாடுகள் உறுதி செய்த பிறகுதான் அது உயிர் பெறும்.

சர்வதேசச் சட்டம் உங்கள் ஃபேக்டரிக்கு என்ன தரும்?

நேரடியாக ஒன்றும் தராது. அது நாடுகளோடு பேசும் சட்டம். ஒரே வைரஸ் குந்தா நீர்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுத்து, மதகு திறந்து, கீழே உயிர்ச்சேதம் ஆனால் ஐ.நா. சாசனத்தின் 2(4)-உம் (பலப் பிரயோகத் தடை) 51-உம் (தற்காப்பு உரிமை) பேசப்படும். ஆயுதத் தாக்குதலா என்பதை 'அளவும் விளைவும்' கொண்டு எடைபோடும் முறை சர்வதேச நீதிமன்றத்தின் 1986 நிகராகுவா தீர்ப்பிலிருந்து வருகிறது. அதே வைரஸ் பக்கத்து ஃபேக்டரியின் டாலியைப் பூட்டினால் அது குற்ற வழக்கு, ஐ.டி. சட்டத்தின் 66-ஆவது பிரிவு. வெளிநாட்டிலிருந்து செய்தாலும் இந்தியக் கணினி சம்பந்தப்பட்டால் 75-ஆவது பிரிவு நம் சட்டத்தை அங்கே நீட்டுகிறது. ஆளைக் கொண்டுவருவது வேறு விஷயம்.

இடையில் ஒரு பெரிய கேள்வி: அந்தக் கும்பலின் செயலை ஒரு நாட்டின் கணக்கில் ஏற்ற முடியுமா? ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-ல் தந்த அரசுப் பொறுப்பு வரைவு விதிகளின் 8-ஆவது பிரிவுப்படி, அந்த நாட்டின் அறிவுறுத்தலின்படியோ கட்டுப்பாட்டிலோ நடந்திருக்க வேண்டும். அந்த மண்ணிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. வானாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே மாதம் பரவியது. அமெரிக்காவும் பிரிட்டனும் வட கொரியாவை வெளிப்படையாகக் குறிப்பிட டிசம்பர் ஆனது. நாட்பெட்யா என்ற அழிவு வைரஸ் அதே ஆண்டு ஜூன் 27. ரஷ்ய ராணுவம் என்று சொன்னது 2018 பிப்ரவரி. உலகின் பெரிய உளவு அமைப்புகளுக்கே ஏழெட்டு மாதம் என்றால், 'ஐ.பி. முகவரி சீனா காட்டுகிறது' என்று முதல் நாளே முடிவு கட்டுவதில் பொருளில்லை. அந்த முகவரி பெரும்பாலும் இன்னொரு பாதிக்கப்பட்டவரின் கணினியாகவே இருக்கும்.

செயல் நாட்டின் கணக்கில் ஏறினால் பாதிக்கப்பட்ட நாடு எதிர் நடவடிக்கை எடுக்கலாம். முதலில் நிறுத்தச் சொல்ல வேண்டும், அறிவிக்க வேண்டும், அளவு மீறக் கூடாது, ஆயுதபலம் கூடாது, மறுபக்கம் நிறுத்தினால் இதுவும் நிற்க வேண்டும். ஈரான்தான் தாக்கியது என்று சொன்ன அல்பேனியா 2022 செப்டம்பரில் தூதரக உறவை முறித்தது. அதற்கு இந்த நிபந்தனைகூடத் தேவையில்லை, அது நட்பற்ற ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட செயல். கணக்கில் ஏறாவிட்டாலும், தன் மண்ணைப் பிற நாட்டுக்குத் தீங்கு செய்யத் தெரிந்தே விடக் கூடாது என்று அதே நீதிமன்றத்தின் 1949 கோர்ஃபு கால்வாய்த் தீர்ப்பு சொல்கிறது, ஐ.நா. நிபுணர் குழுவின் 2015-ஆம் ஆண்டு 11 நெறிகளில் அதே கருத்து கட்டாயமற்ற நெறியாக இடம்பெற்றது. சைபர் செயல்களுக்குச் சர்வதேசச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பேசும் டாலின் கையேட்டைச் (2013, 2017) சட்டம் என்று மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. அது நிபுணர்களின் தொகுப்பு, ஒப்பந்தம் அல்ல. அதை வைத்து எந்த நாட்டுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

மேலே சொன்ன உரிமைகள் எல்லாம் நாட்டுக்குத்தான். தனியாருக்கு எதிர் நடவடிக்கை உரிமை கிடையாது. 'திருப்பி அடித்துத் தருகிறோம்' என்ற சேவைக்குப் பூஜ்யம் கொடுத்தது அதனால்தான். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் நுழைவது ஐ.டி. சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் கணினி இருக்கும் நாட்டின் சட்டத்திலும் தனியே வழக்கு வரும். அடிபடுவது ஏதோ ஒரு ஊர்ப் பள்ளியின் சர்வராக இருக்கலாம். நீங்கள் எடுத்து வைத்த தடயமும் உங்கள் கையாலேயே கெடும்.

சர்வதேசச் சட்டம் உங்கள் பாக்கெட்டைத் தொடும் இடம் ஒன்றே ஒன்று: சைபர் இன்ஷூரன்ஸ். நாட்பெட்யாவில் சுமார் 140 கோடி டாலர் இழப்பு கேட்ட மெர்க் மருந்து நிறுவனத்துக்கு, இது போர்ச் செயல் என்று சொல்லிக் காப்பீட்டாளர்கள் மறுத்தார்கள். நியூ ஜெர்சி நீதிமன்றம் முதல் விசாரணையிலும் 2023 மேல்முறையீட்டிலும் மெர்க் பக்கம் நின்றது; பழைய போர் விலக்கு இதற்குப் பொருந்தாது என்றது. இதற்கிடையில் லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை, அரசு ஆதரவுடைய சைபர் தாக்குதலை வெளிப்படையாக விலக்கும் வாசகத்தை 2023 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியது. இங்கே விற்கும் பாலிசிகளுக்கும் மறுகாப்பீடு வெளிநாட்டுச் சந்தைகளில் எடுக்கப்படுவதுண்டு. ஆகவே அந்த வாசகம் உங்கள் பாலிசியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏஜென்டிடம் மூன்று கேள்வி: தாக்கியது ஒரு நாடு என்று யார் முடிவு செய்வார்கள், அதை நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு, என்னைக் குறிவைக்காமல் உலகம் முழுக்கப் பரவிய வைரஸில் நான் அகப்பட்டால் பணம் உண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி, பாலிசியோடு சேர்த்து அச்சிட்டு, அலமாரியில் வையுங்கள். கணினி பூட்டப்படும் நாளில் பாலிசியின் பி.டி.எஃப்.-உம் அதற்குள்தான் இருக்கும்.